கேஸ் அடுப்பு மக்கர் பண்ணா: மஞ்சள் சுடர், கரிப்பாத்திரம், கேஸ் வாடை, எதுக்கு எங்க பாக்கணும்

எங்க அப்பார்ட்மென்ட்ல யார் வீட்டு அடுப்பு சரியா எரியலைன்னாலும் மொதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க, நான் மெக்கானிக் எல்லாம் கிடையாது, பர்னரைக் கழட்டி மாட்டி பழகிப்போச்சு, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதே நாலஞ்சு கோளாறுதான் வருது. எல்லாரும் சிலிண்டரைத்தான் திட்டுவாங்க, ஆனா பெரும்பாலும் கோளாறு கேஸ்ல இருக்காது, கேஸோட காத்து கலக்குற எடத்துல இருக்கும். இங்க சொல்றது 14.2 கிலோ சிலிண்டர்ல ஓடுற சாதா வீட்டு அடுப்புக்கு. பைப் கேஸ் வச்சிருக்கறவங்க கடைசிப் பகுதிக்குப் போங்க.

எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல ஒண்ணு பண்ணுங்க. எல்லா பர்னரையும் பத்த வச்சுப் பாருங்க. ஒரே ஒரு பர்னர்லதான் பிரச்னைனா அந்த பர்னர், அதோட மிக்ஸிங் டியூப் (காத்தும் கேஸும் கலக்குற குழாய்), ஜெட் (கேஸ் பீச்சி வர்ற சின்ன மூக்கு), இந்த மூணுல ஒண்ணு. எல்லா பர்னர்லயும் அதேதான்னா சிலிண்டர், ரெகுலேட்டர், ரப்பர் டியூப் பக்கம் போங்க. இந்த ஒரு செக்லயே பாதி வேலை முடிஞ்சிடும், இதைப் பண்ணாமதான் நெறைய பேர் நல்லா இருக்குற ரெகுலேட்டரை மாத்திட்டு உக்காந்திருக்காங்க.

ஒரே விதிவிலக்கு கேஸ் வாடை. வாடை வந்தா எதையும் பத்த வைக்கக் கூடாது, நேரா அடுத்த பகுதியைப் படிங்க.

கேஸ் வாடை வருது

லைட்டர், தீப்பெட்டி தொடாதீங்க. ஸ்விட்ச் எதுவும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனையும் சேத்துத்தான் சொல்றேன். நெறைய பேர் வாடையை வெளிய தள்ளணும்னு ஓடிப்போய் அதைத்தான் மொதல்ல போடுறாங்க, அந்த ஸ்விட்ச்ல வர்ற பொறி போதும். அடுப்பு நாபை மூடுங்க, ரெகுலேட்டரை ஆஃப் பண்ணுங்க, ஜன்னல் கதவைத் தொறந்து விடுங்க. சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், அதனால தரையோட தரையா நிக்கும், ஜன்னலை மட்டும் தொறந்தா பத்தாது, வாசக்கதவு பால்கனிக்கதவு ரெண்டும் தொறக்கணும்.

அதுக்கப்புறமும் வாடை கொறையலைனா ரெகுலேட்டரைக் கழட்டி சிலிண்டர் மேல பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அழுத்திட்டு, எல்லாரும் வெளிய வந்து, வெளிய நின்னு 1906க்கு போன் பண்ணுங்க. கேஸ் லீக்குக்குன்னே இருக்குற அவசர நம்பர் அது, ராத்திரி பகல் எப்ப வேணா அடிக்கலாம். மூடி எங்கன்னு தேடிட்டு இருக்காதீங்க, அது எப்பவும் சிலிண்டர்லயே கயித்துல தொங்கணும், அந்தக் கயித்தை அறுத்துப் போடுற பழக்கம் நம்ம ஊர்ல எப்படி வந்துச்சுனு தெரியல.

வாடை லேசாத்தான் இருந்துச்சு, காத்தாட விட்டதும் போயிடுச்சுனா, எங்கேர்ந்து வந்துச்சுனு சோப்புத்தண்ணி வச்சுக் கண்டுபிடிக்கலாம். தீக்குச்சி கொளுத்திப் பாக்குற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பாத்திரம் கழுவுற லிக்விட்டைத் தண்ணில கலக்கி நுரையா எடுத்து, ரெகுலேட்டரை ஆன் பண்ணி அடுப்பு நாபை மூடியே வச்சுக்கிட்டு, சிலிண்டர் வாய், ரெகுலேட்டர்ல டியூப் மாட்டுற எடம், டியூப் முழுக்க, அடுப்புல டியூப் மாட்டுற எடம், இந்த வரிசையில தடவிட்டு வாங்க. முட்டை முட்டையா நுரை பொங்குற எடம்தான் லீக்.

சிலிண்டர் வாயில பொங்குதுனா உள்ள இருக்குற ரப்பர் வாஷர் கிழிஞ்சிருக்கும், இல்ல வாஷரே இருக்காது. ரொம்ப சாதாரணமா வர்ற கோளாறு இது. சிலிண்டர் போட வர்ற அண்ணன்கிட்டயே வாஷர் இருக்கும், போட்டுக் குடுத்துட்டுப் போவாரு. அதனால சிலிண்டர் வந்ததும் சீலைப் பிரிச்சு மாட்டிக் காட்டச் சொல்லுங்க, "வண்டி நிக்குதுக்கா, லேட்டாவுது"னு சொல்லுவாரு, சொல்லட்டும். அப்படியே சிலிண்டர் கைப்பிடிக்கு உள்பக்கம் எழுதியிருக்குறதையும் பாத்துடுங்க, பி-27ன்னு இருந்தா 2027 ஜூனுக்குள்ள அந்த சிலிண்டரை அடுத்த டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு அர்த்தம், ஏ ஜனவரிலேர்ந்து மார்ச், பி ஏப்ரல்லேர்ந்து ஜூன், இப்படியே டி வரைக்கும். தேதி தாண்டிப்போனதை வாங்காம திருப்பி அனுப்பலாம்.

டியூப்ல பொங்குதுனா யோசிக்காம மாத்துங்க. ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூப் அஞ்சு வருஷத்துக்குத்தான், மேலயே தேதி அச்சடிச்சிருக்கும். விரிசல் இல்லையே, பளபளன்னு இருக்கேனு வச்சிருக்கக் கூடாது. எலி கடிச்சதுக்கு இன்சுலேஷன் டேப் சுத்தி ஓட்டுற வீடெல்லாம் பாத்திருக்கேன், வேண்டாம்.

ரெகுலேட்டர்லயோ அடுப்பு நாப் அடியிலயோ பொங்குதுனா நம்ம வேலை அதோட முடிஞ்சுது. ரெகுலேட்டர் ஏஜென்சிக்குப் போகணும், அவங்க மாத்திக் குடுப்பாங்க, தெருமுனைக் கடையில கிடைக்குறதை வாங்கிப் போடாதீங்க. நாப் லீக்னா உள்ள கிரீஸ் காஞ்சிருக்கும், அதைப் பிரிச்சு கிரீஸ் வைக்கறது மெக்கானிக் வேலை, நீங்க நாபைப் பிரிக்காதீங்க.

மஞ்சளா எரியுது, பாத்திரத்தோட அடி கரியாகுது

அடிக்கடி வர்ற கோளாறு இதுதான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். சுடர் நீலமா, அடி கெட்டியா நிக்கணும். மஞ்சளா ஆடுச்சுனா கேஸுக்குத் தேவையான காத்து கிடைக்கலைனு அர்த்தம், எரியாத கார்பன் பாத்திரத்து அடியில படிஞ்சது போக மிச்சம் உங்க மூக்குக்குத்தான் வரும், கார்பன் மோனாக்சைடும் கூடவே ஏறும். கேஸும் கூடத்தான் செலவாகும்.

ஒண்ணு மட்டும் தனியா வச்சுக்குங்க. நீலச்சுடர்ல அங்கங்க ஆரஞ்சுப் பொறி மாதிரி வந்து போனா அது கோளாறு இல்ல. சாம்பார் பொங்கி வழிஞ்ச உப்பு, தூசி, இதெல்லாம் எரியுறது. பாத்திர அடி சுத்தமா இருந்தா விட்டுடுங்க.

நிஜமாவே மஞ்சள்தான், ஒரே பர்னர்லதான்னா இந்த வரிசையில பாருங்க.

பர்னர் மூடி சரியா உக்காந்திருக்கா? கழுவி மாட்டும்போது கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா ஒரு பக்கம் மட்டும் மஞ்சளா எரியும். திருப்பி உக்கார வைங்க. கழுவின ஈரம் போகாம மாட்டியிருந்தாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் எரியும்.

ஓட்டை அடைச்சிருக்கா? பால் பொங்கினது, கஞ்சி வழிஞ்சது எல்லாம் ஓட்டையில காஞ்சு உக்காந்துடும். பித்தளை பர்னர்னா சுடுதண்ணில புளியோ எலுமிச்சையோ போட்டு ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சா பளிச்சுனு வந்துடும். அலாய் பர்னருக்கு அந்த வைத்தியம் வேண்டாம், சோடாவும் வேண்டாம், புளிப்பும் வேண்டாம், அரிச்சிடும், சுடுதண்ணியும் சோப்பும் போதும். ஓட்டையைக் குத்தி எடுக்க ஈர்க்குச்சி நல்லது. ஊக்கு, கோணி ஊசி, ஆணி எல்லாம் வச்சுக் குத்தினா ஓட்டை பெருசாகிட்டே போகும், அப்புறம் அதுவே வேற ஒரு கோளாறா திரும்பி வரும், கீழ டப்புனு சத்தம்ங்குற எடத்துல சொல்லியிருக்கேன். கழுவினதை நல்லாக் கவுத்து வச்சுக் காய விட்டுத்தான் மாட்டணும்.

மிக்ஸிங் டியூப்ல ஏதாவது இருக்கா? பர்னரைத் தூக்கிட்டுப் பாத்தா கீழ ஒரு குழாய் போகும்ல, அதுலதான் காத்தும் கேஸும் கலக்குது. யாரும் அதைப் பாக்கறதே இல்ல. சின்னக் கரப்பான், சிலந்தி வலை, உருண்டையான எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு வீட்டுல சோத்துப்பருக்கை காஞ்சு ஒட்டிக்கிட்டு. கோடை லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்து பத்த வச்சா மஞ்சளா எரியுதுனு யாராவது சொன்னா எனக்குப் பாக்காமலே தெரிஞ்சிடும், உள்ள குளவி மண்ணு வச்சிருக்கும். ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிட்டு, பால் பாட்டில் கழுவுற நீள பிரஷ் இருக்குல்ல, அதைக் குழாய்க்குள்ள விட்டுச் சுத்தி இழுங்க. ஈரம் படாம செய்யுங்க.

இதெல்லாம் பண்ணியும் மஞ்சள்தான்னா கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: சமீபத்துல யாராவது ஜெட்ல கை வச்சாங்களா? ஜெட்டுங்கறது கேஸ் பீச்சி வர்ற சின்னப் பித்தளை மூக்கு, ஓட்டை ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. சுடர் கம்மியா இருக்குனு கூப்பிட்டா சில பேர் வந்து சின்ன ட்ரில் பிட்டோ ஊசியோ விட்டு அந்த ஓட்டையை அகலப்படுத்திட்டு, "இப்ப பாருங்கக்கா எப்படி எரியுதுனு" சொல்லி காசு வாங்கிட்டுப் போயிடுறாங்க. பெருசாத்தான் எரியும். 0.70 மில்லிமீட்டர் ஓட்டை 0.85 ஆச்சுனா கேஸ் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரும், ஆனா காத்து வர்ற வழி அதே அளவுதானே இருக்கு, அப்ப மஞ்சளா எரியாம என்ன பண்ணும். இதைக் கழுவியெல்லாம் சரிபண்ண முடியாது. அந்த அடுப்பு மாடலுக்கான ஜெட்டை கம்பெனி சர்வீஸ் ஆளை வச்சு மாத்துறது ஒண்ணுதான் வழி, ஜெட்டோட விலை பெரிய விஷயமே இல்ல.

எனக்கு இதுல வர்ற கோவத்துக்குக் காரணம் இருக்கு. வீட்டு கேஸ் அடுப்புக்கு ஐஎஸ் 4246னு ஒரு தரம் இருக்கு, குறைஞ்சது 68 சதவீதம் வெப்பத்திறன் இருக்கணும், புகையில கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் என்ன விகிதத்துல இருக்கலாம்னும் உச்சவரம்பு வச்சு டெஸ்ட் பண்ணித்தான் ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குறாங்க. டெஸ்ட் புது அடுப்புக்குத்தான். நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் ஊசியை விட்டுக் குடைஞ்ச அடுப்புல அந்த முத்திரை சும்மா ஸ்டிக்கர், அதை வந்து செக் பண்ற ஆபீஸும் கிடையாது.

எல்லா பர்னரும் ஒண்ணா மஞ்சளாச்சுனா: சிலிண்டர் தீரப்போற நேரமானு பாருங்க, அடியில கனமான கேஸ் மிஞ்சி செவப்பா எரியுறது சகஜம், புது சிலிண்டர் மாட்டினா சரியாகிடும். அப்படி இல்லைனா ஜன்னல் எல்லாம் மூடி சமைக்கிறீங்களானு பாருங்க. அதுவும் இல்லைனா ரெகுலேட்டர், ஏஜென்சிக்கு போன் பண்ணுங்க.

முழுசா வச்சாலும் சுடர் சின்னதாத்தான் இருக்கு

எல்லா பர்னரும்னா மொதல்ல ரெகுலேட்டர் நாப் முழுசா திரும்பியிருக்கானு பாருங்க, சிரிக்காதீங்க, பாதில நிக்குறது ரொம்ப சகஜம். அடுத்து டியூப் சிலிண்டருக்கு அடியிலயோ டிராயர் இடுக்குலயோ மாட்டி மடங்கியிருக்கா. அடுத்து கேஸ் மிச்சம் இருக்கா. ஈரத்துணியால சிலிண்டரை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு இழு இழுத்துட்டு கொஞ்ச நேரம் பாத்தா, கேஸ் திரவமா இருக்குற எடம் வரைக்கும் ஈரம் சட்டுனு காயாம நிக்கும், அதுதான் லெவல். ஊட்டி கொடைக்கானல் பக்கம் மார்கழி தைல கேஸ் இருந்தும் சுடர் எழும்பாது, குளிருக்கு பியூட்டேன் ஆவியாக மாட்டேங்குது, சிலிண்டரை சுடுதண்ணில வைக்கறது, பக்கத்துல நெருப்பு போடுறது எல்லாம் தற்கொலை, வெயில் வர்ற வரைக்கும் பொறுங்க.

ஒரே ஒரு பர்னர்னா ஜெட்ல தூசி அடைச்சிருக்கும். மிக்ஸிங் டியூப் சுத்தம் பண்ணிட்டும் சரியாகலைனா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, கூப்பிட்டுட்டு பக்கத்துலயே நில்லுங்க. "ஊதி சுத்தம் பண்ணுங்க இல்ல புது ஜெட் போடுங்க, குத்த வேண்டாம்"னு மொதல்லயே சொல்லிடுங்க.

சுடர் பர்னரை விட்டு மேல எழும்புது, புஸ்ஸுனு சத்தம்

பர்னர் ஓட்டைக்கும் சுடருக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா கேஸ் அழுத்தம் கூட வருதுனு அர்த்தம். வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்துலதான் கேஸை விடணும். ஓட்டல், கல்யாண சமையலுக்கு வச்சிருக்குற ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்புல மாட்டியிருக்கீங்களா? ஆமாம்னா இப்பவே கழட்டுங்க. இல்ல, ஏஜென்சி குடுத்த ரெகுலேட்டர்தான்னா அது கெட்டுப்போச்சு, சமைக்கறதை நிறுத்திட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்க. வீட்டுல செக் பண்ண இதுல ஒண்ணும் இல்ல.

டப்புனு சத்தம், சுடர் உள்ள போயிடுது

பர்னர் மேல சுடர் இருக்காது, அடியில உஸ்ஸுனு எரியுற சத்தம் மட்டும் கேக்கும். உடனே நாபை மூடுங்க, பர்னர் ஆறட்டும், தொட்டுடாதீங்க, அந்த எடம் கொதிக்கும்.

மூடி சரியா உக்காராததா இருக்கலாம், திருப்பி வச்சுப் பாருங்க. நாபைத் தொறந்துட்டு லைட்டரைத் தேடுற பழக்கம் இருந்தா அதை மாத்துங்க. இது ரெண்டும் இல்லைனா பர்னர் தேஞ்சுபோச்சு. மேல சொன்னேனே ஊக்கால குத்தினது, அது இங்கதான் வந்து நிக்கும், ஓட்டை பெருசாச்சுனா கேஸ் வெளிய வர்ற வேகம் கொறஞ்சு தீ உள்ள இறங்கிடும். அதே கம்பெனி, அதே மாடல் பர்னர் வாங்கி மாட்டணும், பாத்தா ஒரே மாதிரி இருக்கேனு எதையாவது வாங்கினா சரியா உக்காராது. புது பர்னர்லயும் டப்புனு வந்தா மெக்கானிக்தான்.

சிம்ல வச்சா அணைஞ்சிடுது

ஃபேன் காத்து, ஜன்னல் காத்து. பெரும்பாலும் இவ்வளவுதான். காத்தே இல்லாமலும் அணைஞ்சா நாபுக்கு உள்ள இருக்குற சிம் ஓட்டையில கிரீஸ் அடைச்சிருக்கும், சர்வீஸுக்குக் குடுங்க. அணைஞ்சது தெரியாம கேஸ் வந்துக்கிட்டே இருக்கும்ங்கறதால பால் சிம்ல வச்சுட்டு சீரியல் பாக்கப் போறதை அது சரியாகுற வரைக்கும் விடுங்க.

சுடர் நீலமாத்தான் இருக்கு, ஆனா கண்ணு எரியுது, இருமல் வருது

இதை யாரும் அடுப்புக் கோளாறா நெனைக்கறதே இல்ல. நீலமா எரிஞ்சா கரி வராது, நெசம்தான், ஆனா நல்லா சூடா எரியுற சுடர்ல காத்துல இருக்குற நைட்ரஜனே எரிஞ்சு நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அடுப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் வரும். ஆஸ்துமா இருக்குற குழந்தைக்கு இது மொதல்ல தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2021ல குடுத்த வழிகாட்டுதல்ல 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுனு சொல்லுது, நம்ம நாட்டுல 2009லேர்ந்து இருக்குற அளவு 80, அதுவும் வெளிக்காத்துக்கு. சமையக்கட்டுக் காத்துக்கு சட்டப்படி ஒரு அளவே கிடையாது.

செலவில்லாத வழி மொதல்ல. ஜன்னலைத் தொறங்க, அடுப்பைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடியே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க, அணைச்சப்புறமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க. சுடர் பாத்திரத்து அடிக்குள்ளயே நிக்கணும், பக்கவாட்டுல ஏறி கைப்பிடியைச் சுடுற அளவுக்கு வச்சா சீக்கிரம் வேகும்னு நெனைக்கறது வீண். சின்னப் பாத்திரத்துக்கு சின்ன பர்னர்.

சிம்னி இருக்கே, அப்புறமும் ஏன் எரியுதுனு கேட்டா, அதுல புகைக்குழாய் வெளிய போகுதானு பாருங்க. குழாயே இல்லாம கார்பன் ஃபில்டர் மட்டும் இருக்குற மாடல் எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் பிடிக்கும், மத்த வாயுவை திரும்ப உங்க மூஞ்சிக்கே ஊதும். வாடகை வீட்டுல ஓட்டை போட விடமாட்டாங்கனு அதை வாங்கறவங்க ஜன்னலை மூடாம இருந்தா போதும்.

இதுக்கு பர்னர்லயே தீர்வு இருக்கானா, இருக்கு, ஆனா கடைக்கு இன்னும் சரியா வரல. கௌஹாத்தி ஐஐடில பேராசிரியர் முத்துக்குமார் குழு பண்ணின நுண்துளை பர்னர்ல சுடர் மேல எழும்பாம பீங்கான் மாதிரியான நுரைக்கல்லுக்குள்ளயே எரிஞ்சு அது தணல் மாதிரி தகதகன்னு நிக்கும், நைட்ரஜன் ஆக்சைடு சாதா பர்னர்ல வர்றதை விட ரொம்ப கம்மியாத்தான் வந்துச்சுனு அவங்க 2011லயே கட்டுரை போட்டிருக்காங்க. ஓட்டல் கிச்சனுக்கு இந்த மாதிரி தணல் பர்னர் கிடைக்குது, வீட்டுக்கு வர்ற வரைக்கும் சாதம், பருப்பு மாதிரி நேரம் எடுக்குறதை இண்டக்ஷனுக்கு மாத்திட்டா சமையக்கட்டுல கேஸ் எரியுற நேரமே கொறஞ்சிடும், கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்தான்.

இங்க கவனிங்க: சமைக்கும்போது ஒருத்தருக்கு மேல தலைவலி, தலைசுத்தல், வாந்தி வர்ற மாதிரி இருந்து, வெளிய வந்தா சரியாகுதுனா அது கார்பன் மோனாக்சைடா இருக்கலாம். அதுக்கு வாசனையே கிடையாது. எல்லாரும் வெளிய வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, அடுப்பை அப்புறம் பாத்துக்கலாம். பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வச்சிருந்தா சந்தேகம் மொதல்ல அது மேல, ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல அதை வைக்கவே கூடாது, இதுக்கு ரிப்பேர்னு ஒண்ணு இல்ல, கழட்டி வெளிய மாட்டணும்.

ரிப்பேர் வேணாம், புதுசே வாங்கிடலாம்னா

நாபும் லீக், பர்னரும் தேஞ்சிருக்கு, அடி தகடும் துருனா வாங்கிடுங்க. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கானு மட்டும் பாக்காம அதுக்குக் கீழ இருக்குற லைசென்ஸ் நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல (ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குற அமைப்போட ஆப்) போட்டுப் பாருங்க, போலினா கடையிலயே தெரிஞ்சிடும். எரிசக்தி சிக்கன அமைப்போட ஸ்டார் லேபிள் இருந்தா அதிக ஸ்டாரா எடுங்க. கண்ணாடி கலர், பூ டிசைன் எல்லாம் அதுக்கப்புறம்.

பைப் கேஸ் கனெக்ஷன் வந்தப்புறம் சரியா எரியல

சென்னை, கோயம்புத்தூர் பக்கம் எல்லாம் இப்ப இது புதுசா வர்ற புகார். சிலிண்டர் அடுப்பை அப்படியே பைப் கேஸ்ல மாட்டினா சுடர் சுண்டுவிரல் அளவுக்குத்தான் வரும், ஏன்னா பைப் கேஸுக்கு ஜெட் ஓட்டை பெருசா இருக்கணும், அழுத்தமும் கம்மி. கனெக்ஷன் குடுக்க வர்றவங்களே ஜெட்டை மாத்திக் குடுக்கணும், ஓட்டையை டிரில் பண்ணி மாத்துறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, எல்லா பர்னரும் மாத்தியாச்சானு நின்னு பாருங்க, ரெண்டை மாத்திட்டு மூணாவதை விட்டுட்டுப் போறது நடக்குது.

லீக் ஆனா இந்த கேஸ் காத்தை விட லேசு, மேல ஏறி சீலிங் பக்கம் நிக்கும், அதனால மேல இருக்குற வென்டிலேட்டரைத் தொறக்கணும், மெயின் வால்வு எங்க இருக்குனு வீட்டுல எல்லாருக்கும் காட்டி வைங்க. கழட்டின பழைய ஜெட்டுங்களை ஒரு கவர்ல போட்டு அடுப்பு அடியிலயே டேப் போட்டு ஒட்டிடுங்க. நாளைக்கு பைப் கேஸ் இல்லாத வீட்டுக்குக் குடி போனா அதை மாட்டாம சிலிண்டரை இணைச்சீங்கன்னா மஞ்சச்சுடர் ஒரு முழத்துக்கு எழும்பும்.